எஃப் இரண்டு

மூன்று மணிக்கு மறுபடி கத்தியது.
பத்துக் கத்தல், ஒரு மூச்சு, பத்துக் கத்தல்.
உள்ளே ஒன்றுமில்லை.
காலையில் வேகவேண்டிய ரொட்டிமாவு
ஈரத்துணிக்கடியில் இப்போதுதான் எழும்பிக்கொண்டிருக்கிறது.
நெற்றியில் பச்சையாய் ஓர் எழுத்து, ஓர் எண்:
எஃப் இரண்டு.
அதற்கு மேல் சொல்ல ஓவனுக்கு வாய் இல்லை.

'நிறுத்து' பொத்தானை அழுத்தினேன்.
நின்றது.
கட்டில்வரை நடக்கவிட்டு, போர்வையைத் தொடவிட்டு
கூப்பிட்டது.
கடன்காரன்கூட
கதவடைத்தால் ஒரு நாள் விட்டுத்தான் வருவான்.

வெளியே முனைப்பாறையிலிருந்து
மூடுபனிக் கொம்பு நிமிடத்துக்கு ஒருமுறை ஊதுகிறது.
அது கத்தினால் இங்கே பாறை என்று பொருள்.
நியூஃபவுண்ட்லாந்தில் கைக்குழந்தைக்கும் தெரியும்.
இது கத்தினால்?

லியாண்டரை எழுப்பினேன்.
ஆல்பர்ட்டாவில் அவனுக்கு இன்னும் நேற்று,
பதினொன்றே முக்கால்.
எண்ணெய் முகாமின் தகரக் கட்டிலில்
இருபத்தொரு நாளில் பதினாலாவது ராத்திரி.
"பிரேக்கரை இறக்கு வெர்னா. ஒரு நிமிஷம் கழிச்சு ஏத்து."

நிலவறையில் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
பென்சிலில் 'அடுப்பு' என்று எழுதியிருந்ததை இறக்கினேன்.
வாசல் விளக்கு அணைந்தது.
'கிணற்று மோட்டார்' என்றிருந்ததை இறக்கினேன்.
மேலே சத்தம் செத்தது.
வீட்டை எங்களுக்கு விற்ற செல்பி பென்னி பொய்யர் அல்லர்.
நடுவில் யாரோ கம்பியை மாற்றிவிட்டு
எழுத்தை மாற்றாமல் போயிருக்கிறார்கள்.

ஏற்றினேன்.
நான்கு நிமிடம் நல்ல பிள்ளையாய் இருந்தது.
பிறகு பத்துக் கத்தல், ஒரு மூச்சு.

"பழசு அது," என்றான். "வீடும்தான்.
இங்கே வந்துடலாம்னு சொன்னேனே, யோசிச்சியா?"
ஒவ்வொரு போனிலும் கேட்கிறான்.
ஒவ்வொரு போனிலும்
மீன் விலை, அத்தை முழங்கால், பனி என்று
எதையாவது அழுத்துகிறேன்.
கொஞ்ச நாள் நிற்கிறது.

"ஸ்க்ரூடிரைவர் எந்த இழுப்பறையில்?" என்றேன்.

மறுபடி நிலவறை, மறுபடி கிணற்று மோட்டார்.
ஆறு திருகாணிகள். ஒன்று துருவேறி
அசையமாட்டேன் என்று கொஞ்சம் தோலைக் கேட்டது. கொடுத்தேன்.
பலகையைக் கழற்றினால்
பொத்தான்களுக்குப் பின்னால் ஒரு நாடா,
சாக்லேட் காகித மொத்தம்கூட இல்லை,
நுனியில் பாசிபோல் பச்சை.
பதினோரு வருட ஞாயிற்றுக்கிழமைகள்.
உப்புக்கறி கொதித்த ஆவி, முட்டைக்கோஸ், டர்னிப்,
மூடியைச் சாய்த்து வைத்தது யார்? நான்தான்.
யாரும் தொடாத பொத்தானை
யாரோ தொடுவதாக ஈரம் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது.
இந்தப் பெட்டி நம்பியிருக்கிறது.

வரிக் காகிதங்களோடு கிடந்த பென்சிலின்
பின்புற ரப்பரால் தேய்த்தேன்.
செம்பு தெரியும்வரை, மெதுவாக,
குழந்தையின் காது துடைப்பதுபோல.
பிறகு தலைமுடி உலர்த்தும் மெஷின், கால் மணி நேரம்.
செருகினேன். முடுக்கினேன். ஏற்றினேன்.

பன்னிரண்டு பூஜ்யம் பூஜ்யம் என்று மினுக்கியது.
கத்தவில்லை.

அப்புறம் தூக்கமா வரும்?
நாற்காலியில் உட்கார்ந்து அது கத்தக் காத்திருந்தேன்.
ஃப்ரிட்ஜ் ஒருமுறை பெருமூச்சு விட்டதற்குத் துள்ளி விழுந்தேன்.
மாவு அளவுக்கு மீறி எழும்பி
விளிம்பில் வழிந்து மேசையைத் தொட்டது.
ஐந்து மணிக்கு அப்படியே வைத்தேன்.
கோணல்தான், ஆனால் வெந்தது.

எப்போது ஓய்ந்ததோ, கொம்பையும் காணோம்.
ஜன்னலில் பாறை, பாறையாகவே நின்றது.

போன் ஒளிர்ந்தது: நின்னுச்சா?

நின்றது, என்று எழுதினேன்.
ஒரு திருகாணி மிச்சம்.
வீட்டு விஷயம் ஞாயிற்றுக்கிழமை பேசுவோம்,
நானே கூப்பிடுகிறேன்.

திருகாணியைச் சர்க்கரை டப்பாவில் போட்டேன்.
மணியைச் சரிசெய்யவில்லை.
பன்னிரண்டு, பன்னிரண்டு, பன்னிரண்டு என்று
சத்தமில்லாமல் மினுக்கட்டும்.